முதலில் அரவை, பிறகு மற்றவை: வீட்டுக் காபி குறித்து வாசகர் கேள்விகள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பெங்களூரு வாசகர்களுடையவை. வீட்டில் நல்ல காபி போட எந்தக் கருவியை வாங்குவது, எதற்கு எவ்வளவு செலவிடுவது என்பதே ஏறத்தாழ எல்லாக் கடிதங்களின் சாரம். இந்தியாவில் விளையும் காபியில் ஏறக்குறைய 70 சதவீதம் கர்நாடகத்தில் விளைகிறது. சிக்கமகளூரும் குடகும் சில மணி நேரப் பயணத்தில் இருக்கின்றன, காபி வாரியத்தின் தலைமை அலுவலகமும் இந்நகரில்தான் இருக்கிறது. இவ்வளவு நல்ல கொட்டை கைக்கெட்டும் ஊரில் வீட்டுக் காபி சுமாராக அமைவதற்குப் பெரும்பாலும் அரவையே காரணம் என்பது என் உறுதியான கருத்து. கீழே உள்ள பதில்கள் பலவும் அதையே சுற்றி வருவதற்கு வாசகர்கள் பொறுத்தருள வேண்டும்.

மல்லேஸ்வரத்திலிருந்து ஒரு வாசகி: நாங்கள் என்றைக்கும் பித்தளை ஃபில்டரில்தான் காபி போடுகிறோம். பீபெர்ரி, பிளாண்டேஷன் ஏ என்ற இரு கொட்டை வகைகளையும் கலந்து, 20 சதவீதம் சிக்கரி சேர்த்து, மாதத்துக்கு ஒரு முறை கடையில் அரைத்து வாங்குவது வழக்கம். முதல் சில நாட்கள் வாசனை தெருவரை போகிறது. மாதக் கடைசியில் வெறும் கசப்புதான் மிஞ்சுகிறது. கொட்டையாக வாங்கி மிக்ஸியில் அரைத்துப் பார்த்தேன். டிகாஷன் ஒரு நாள் தண்ணீராக இறங்கிவிடுகிறது, மறுநாள் இறங்கவே மாட்டேன் என்கிறது. கிரைண்டர் வாங்கித்தான் ஆக வேண்டுமா?

பதில்: உங்கள் கடிதத்தில் இரண்டு சிக்கல்கள் இருக்கின்றன, இரண்டுக்கும் மருந்து வேறு வேறு.

முதலாவது, பொடி பழசாவது. வறுத்த கொட்டைக்குள் கரியமில வாயுவும் மணம் தரும் பொருள்களும் அடைபட்டுக் கிடக்கின்றன. கொட்டையாக இருக்கும்வரை அவை மெதுவாகத்தான் வெளியேறும். அரைத்துவிட்டால் காற்றுப் படும் பரப்பு பல மடங்கு பெருகிவிடுவதால், அன்றைக்கே வாசனை குறையத் தொடங்குகிறது. மாதக் கடைசியில் உங்கள் டப்பாவில் இருப்பது நிறமும் கசப்பும் மட்டுமே தரக்கூடிய பொடி.

இரண்டாவது, பதம். மிக்ஸியின் பிளேடு கொட்டையை வெட்டிச் சிதறடிக்கிறது. எந்தத் துண்டு எத்தனை முறை வெட்டுப்படும் என்பது யார் கையிலும் இல்லை. மிக்ஸியில் அரைத்த பொடியை ஒரு முறை மாவுச் சல்லடையில் சலித்துப் பாருங்கள். கீழே விரலோடு ஒட்டிக்கொள்ளும் தூசி விழும், மேலே பல்லில் கடிபடும் அளவுக்குத் துண்டுகள் நிற்கும். தூசி, வெந்நீர் பட்ட சற்று நேரத்தில் தன்னிடமுள்ள கசப்பு முழுவதையும் கொடுத்துவிட்டு, ஃபில்டரின் துளைகளையும் போய் அடைத்துக்கொள்ளும். துண்டுகளின் உள்பகுதிவரை நீர் ஊறுவதற்குள் டிகாஷன் இறங்கி முடிந்துவிடுவதால் அவை புளிப்பை மட்டும் தந்துவிட்டு நின்றுவிடும். ஒரே டம்ளரில் கசப்பும் புளிப்பும் சேர்ந்து நாக்கைப் பிடிப்பதற்கும், ஒவ்வொரு நாளும் டிகாஷன் ஒவ்வொரு விதமாக இறங்குவதற்கும் இதுவே காரணம். நிறுத்தி நிறுத்தி அரைத்தால் சூடு குறையும், பதம் சற்று மேம்படும். ஆனால் நேற்று வந்த பதத்தை இன்றும் கொண்டுவர மிக்ஸியால் முடியாது.

பர் கிரைண்டர் வேலை செய்யும் விதம் நம் பழைய திருகையினுடையதுதான். பல் வெட்டிய இரண்டு எஃகு அல்லது பீங்கான் சக்கரங்களுக்கு நடுவே கொட்டை நசுங்குகிறது. அவற்றின் இடைவெளி அளவுக்குச் சிறுத்த பிறகே வெளியே விழ முடியும். அந்த இடைவெளியைத் திருகிக் கூட்டிக் குறைத்து, வேண்டிய பதத்தைக் குறித்துவைத்துக்கொண்டு, எப்போது வேண்டுமானாலும் அதே பதத்துக்குத் திரும்பலாம்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். சிக்கரி கலந்த பொடியும் ஃபில்டரும் பாலும்தான் உங்கள் வீட்டுக் காபி, அதை மாற்றும் எண்ணமில்லை என்றால், கிரைண்டர் வாங்க வேண்டாம். மல்லேஸ்வரத்தில் கண்ணெதிரே வறுத்து அரைத்துத் தரும் கடைக்குப் பஞ்சமில்லை. மாதம் ஒரு முறை மொத்தமாக வாங்குவதை விட்டு, வாரத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்கி, காற்றுப் புகாத சிறு டப்பாவில் விளிம்புவரை நிரப்பி வையுங்கள். ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்து எடுத்துப் பயன்படுத்தினால் ஒவ்வொரு முறையும் பொடி ஈரம் கோக்கும். அதைவிட அலமாரியே மேல். மாத இறுதிக் கசப்பு இதிலேயே தீர்ந்துவிடும்.

சிக்கரியைக் குறைக்கவோ விடவோ விரும்பினால் மட்டும் கிரைண்டர் அவசியமாகிறது. சிக்கரி, காபியைவிட மிக அதிகமாக நீரில் கரையும் பொருள். டிகாஷனுக்குக் கெட்டித்தன்மையும் கருமையும் தந்து அரவையின் குறைகளை மூடிவிடும். அது போனதும் குறைகள் வெளியே தெரியும். அப்போது 30 கிராம் கொட்டையை அன்றன்றைக்கு அரைத்து, மேல் பாத்திரத்தில் சமமாகப் பரப்பி, குடைத்தட்டை அழுத்தாமல் மேலே வைத்து, 180 மில்லி கொதிநீரை வட்டமாக ஊற்றுங்கள். பொடி தன் எடையைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு நீரைப் பிடித்துக்கொள்ளும் என்பதால் 120 மில்லி டிகாஷன் இறங்கும். மூன்று நான்கு நிமிடத்தில் எல்லாம் இறங்கிவிட்டால் பதத்தை ஒரு படி நைஸாக்குங்கள். அரை மணி கழித்தும் மேலே நீர் நின்றால் ஒரு படி கொரகொரப்பாக்குங்கள். சிக்கரி வேண்டுமென்றால் தூளாக வாங்கி, அரைத்த பிறகு கலந்துகொள்ளலாம். கிரைண்டருக்குள் போட வேண்டாம்.

ஒயிட்ஃபீல்டிலிருந்து ஒரு வாசகர்: வீட்டில் நானும் மனைவியும் மட்டுமே. கையால் சுற்றும் கிரைண்டரா, மின்சார கிரைண்டரா? விலை வித்தியாசம் மிக அதிகமாக இருக்கிறதே, ஏன்?

பதில்: இரண்டு பேருக்குக் கை கிரைண்டரே போதும் என்பேன். பர் கிரைண்டரில் விலை போகும் இடங்கள் மூன்று: சக்கரங்கள் எவ்வளவு கூர்மையாகவும் ஒழுங்காகவும் வெட்டப்பட்டிருக்கின்றன, அவற்றைத் தாங்கும் அச்சு ஆடாமல் நிற்கிறதா, மோட்டார் எவ்வளவு வலுவானது. கை கிரைண்டரில் மூன்றாவது செலவே இல்லை. ஆகவே ஒரே தரமான அரவைக்கு மின்சாரக் கருவியின் விலையில் பாதிக்கும் குறைவாகக் கொடுத்தால் போதும் என்பதே பொதுவான நிலை.

மிக மலிவான கை கிரைண்டர்கள் வேண்டாம். அவற்றில் பீங்கான் சக்கரமும் கீழ்ப்புறம் பிடிப்பில்லாத அச்சும் இருக்கும். கடையில் கையில் எடுத்துப் பார்க்க முடிந்தால், பதத்தைக் கொரகொரப்புப் பக்கம் திருகிவிட்டு, உள் சக்கரத்தை விரலால் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். அசைந்தால் அரைக்கும்போதும் அசையும்; ஒரு பக்கம் நைஸும் மறுபக்கம் துண்டுமாக விழும். எஃகுச் சக்கரமும், அச்சின் மேலும் கீழும் பேரிங்கும், திருகும்போது கணக்காகச் சொடுக்கொலி கேட்கும் அமைப்பும் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். டைம்மோர், ஒன்ஸீபிரெஸ்ஸோ, கொமாண்டான்டே ஆகியவை உலகம் முழுவதும் வீடுகளில் புழங்கும் பெயர்கள். இவற்றில் முதலாவதின் தொடக்க நிலைக் கருவியே ஃபில்டருக்கும், பொடியை ஊறவைத்துச் சல்லடையால் அழுத்திப் பிரிக்கும் பிரெஞ்ச் பிரெஸ்ஸுக்கும் தாராளமாகப் போதும்.

ஒன்றை மட்டும் மனத்தில் வையுங்கள். இக்கருவிகள் பெரும்பாலும் ஒரு தடவைக்கு 20 முதல் 30 கிராம் கொட்டையே கொள்ளும். நம் ஃபில்டருக்கான நைஸான பதத்தில், அதுவும் கெட்டியான பீபெர்ரியோ லேசாக வறுத்த கொட்டையோ என்றால், கைக்கு நல்ல வேலை. மணிக்கட்டு வலி உள்ளவர்களும், காலையில் நான்கைந்து பேருக்குக் காபி கலக்க வேண்டிய வீடுகளும் மின்சார கிரைண்டருக்குப் போவதே நியாயம்.

கிரைண்டரோடு சேர்த்து, 0.1 கிராம்வரை காட்டும் சிறு மின்தராசு ஒன்றும் வாங்குங்கள். ஒரு கரண்டிப் பொடி என்பது பதத்தையும் வறுவலையும் பொறுத்து மாறும் அளவு. எடை தெரியாமல் பதத்தை மாற்றினால், ருசி மாறியது பதத்தாலா அளவாலா என்பதைக் கண்டுபிடிக்க முடியாது.

அல்சூரிலிருந்து ஒரு வாசகி: என் மகன் எஸ்பிரெஸ்ஸோ மெஷின் வாங்க வேண்டும் என்கிறான். 15 பார் அழுத்தம் என்று போட்டிருக்கும் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறான். கிரைண்டர் பிறகு பார்த்துக்கொள்ளலாம், இப்போதைக்கு மிக்ஸி போதும் என்கிறான். என் மாமியாருக்கோ ஃபில்டர் காபிதான் வேண்டும். என்ன செய்யலாம்?

பதில்: மகனின் ஆசை நல்ல ஆசை, வரிசையை மட்டும் மாற்றச் சொல்லுங்கள்.

எஸ்பிரெஸ்ஸோவில் 18 கிராம் பொடியின் வழியே ஏறக்குறைய 9 பார் அழுத்தத்தில் நீரைச் செலுத்தி, 25 முதல் 30 விநாடிக்குள் 36 கிராம் டிகாஷனை எடுக்கிறார்கள். இந்த அளவுகள் சற்று முன்பின் ஆகலாம். அவ்வளவு அழுத்தத்துக்கு எதிராக நீரைத் தடுத்து நிறுத்துவது பொடி மட்டுமே. பதம் ஒரு மயிரிழை கொரகொரப்பானால் நீர் பத்து விநாடியில் பாய்ந்து புளித்த காபி வரும். ஒரு மயிரிழை நைஸானால் சொட்டுச் சொட்டாக விழுந்து கசக்கும். எல்லாக் காபி முறைகளிலும் கிரைண்டரை அதிகமாகச் சோதிப்பது இதுதான். மிக்ஸிப் பொடியில் எஸ்பிரெஸ்ஸோ எடுக்க இயலாது என்று உறுதியாகவே சொல்கிறேன். பெட்டியில் உள்ள 15 பார் என்பது பம்பு எட்டக்கூடிய உச்ச அளவு. அதைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை.

அப்படியானால் தொடக்க விலை மெஷின்கள் கடைப்பொடியிலும் நுரை பொங்கும் காபியைத் தருவது எப்படி என்று மகன் கேட்கலாம். அந்த மெஷினோடு வரும் சல்லடைக் கிண்ணத்தைத் திருப்பி அடிப்பக்கம் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே நிறையத் துளைகள் இருந்து, வெளியே ஒரே ஓர் ஊசித்துளை மட்டும் இருந்தால் அது இரட்டைச் சுவர்க் கிண்ணம். பொடி செய்ய வேண்டிய தடுப்பு வேலையை அந்த ஒற்றைத் துளை செய்கிறது, அதில் பீய்ச்சி வருவதால் நுரை உண்டாகிறது. கெட்டியான பால் காபி கிடைக்கும், அதில் தவறில்லை. ஆனால் நல்ல கொட்டைக்கும் சாதாரணக் கொட்டைக்கும் உள்ள வேறுபாட்டை அந்தக் கிண்ணம் பெரிதாகக் காட்டாது. ஒற்றைச் சுவர்க் கிண்ணமும், அதற்கு ஈடுகொடுக்கும், எஸ்பிரெஸ்ஸோவுக்கென்றே நுணுக்கமாகத் திருகக்கூடிய கிரைண்டரும் சேர்ந்தால்தான் அந்த வேறுபாடு நாக்குக்கு வரும். மொத்தத் தொகையில் பாதியைக் கிரைண்டருக்கு ஒதுக்கத் தயாரில்லை என்றால் எஸ்பிரெஸ்ஸோவை இப்போதைக்குத் தள்ளிவைப்பது நல்லது.

என் யோசனை இது: முதலில் நல்ல கை கிரைண்டர் ஒன்றும் மோக்கா பாட் ஒன்றும் வாங்கட்டும். இத்தாலியில் 1933-இல் பியாலெட்டி நிறுவனத்தில் தொடங்கிய இந்த அடுக்குப் பாத்திரம், நீராவியின் அழுத்தத்தால் வெந்நீரைப் பொடி வழியே மேலே தள்ளுகிறது. நம் முதல் டிகாஷனுக்கு நெருக்கமான கெட்டி காபி சில நிமிடத்தில் கிடைக்கும். கீழ்ப் பாத்திரத்தில் ஏற்கெனவே சூடான நீரை வால்வுக்குக் கீழேவரை ஊற்ற வேண்டும். பொடியைச் சமமாக நிரப்ப வேண்டும், அழுத்தக் கூடாது. கரகரவென்ற சத்தம் தொடங்கியதும் அடுப்பை அணைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் கருகிய ருசி ஏறும். அலுமினியத்தால் ஆனது இண்டக்ஷன் அடுப்பில் சூடாகாது. உங்கள் வீட்டில் இண்டக்ஷன்தான் என்றால் அதற்கேற்ற எஃகுப் பாத்திரமாகக் கேட்டு வாங்குங்கள். மாமியாருக்கான ஃபில்டர் அதன் இடத்திலேயே இருக்கட்டும். ஐந்து பேருக்கு ஒரே சமயத்தில் டிகாஷன் தரும் ஃபில்டரின் வசதி, ஒவ்வொரு கோப்பையாக எடுக்கும் எஸ்பிரெஸ்ஸோ மெஷினில் வராது.

ஜெயநகரிலிருந்து ஒரு வாசகர்: அமெரிக்காவில் இருக்கும் மகள் விடுமுறைக்கு வரும்போது மின்சார காபி கிரைண்டர் கொண்டுவருவதாகச் சொல்கிறாள். அங்கே மலிவாம். கொண்டுவரச் சொல்லலாமா?

பதில்: வேண்டாம். அங்கு மின்சாரம் 120 வோல்ட், இங்கே 230. கருவியின் அடியில் உள்ள தகட்டில் 120 வோல்ட் என்று மட்டும் இருந்தால், நேரடியாகச் செருகிய உடனே மோட்டார் பழுதாகிவிடும். கருவியின் வாட் அளவைத் தாங்கும் கனமான டிரான்ஸ்ஃபார்மரை அதன் பக்கத்திலேயே வைத்துக் காலமெல்லாம் பயன்படுத்த வேண்டிவரும், உத்தரவாதமும் இங்கே பெரும்பாலும் செல்லாது. மகள் அன்போடு கொண்டுவர விரும்புவது நல்ல கை கிரைண்டராக இருக்கட்டும். அதற்கு வோல்ட் கணக்கு இல்லை.

சர்ஜாபூர் சாலையிலிருந்து ஒரு வாசகி: தோட்டத்திலிருந்தே நேரடியாக வரும், லேசாக வறுத்த கொட்டையை நல்ல விலை கொடுத்து வாங்கினேன். கிரைண்டரும் நல்லதுதான். வி60 என்ற கூம்பு வடிகட்டியில் வடித்தால் எலுமிச்சைபோல் புளிக்கிறது. எங்கள் அடுக்ககத்தில் ஆழ்துளைக் கிணற்று நீர், குடிக்க ஆர்.ஓ. என் கருவிகளில் ஏதேனும் குறையா?

பதில்: குறை நீரில் இருக்கிறது என்றே நினைக்கிறேன். இந்தக் கேள்வியை இன்னும் பலர் கேட்க வேண்டும். கோப்பையில் இருப்பதில் மிகப் பெரும்பகுதி நீர்தான்.

கொட்டையிலுள்ள ருசிப் பொருள்களை வெளியே இழுத்துவருவதில் நீரில் கரைந்திருக்கும் கால்சியம், மக்னீசியம் போன்ற தாதுக்களுக்குப் பங்குண்டு; பைகார்பனேட் உப்புகள் புளிப்பைத் தணித்துச் சமன்செய்கின்றன. ஆர்.ஓ. கருவி இரண்டையும் பெருமளவு நீக்கிவிடுவதால், லேசாக வறுத்த கொட்டையின் இயல்பான புளிப்பு தணிக்க ஆளில்லாமல் அப்படியே நிற்கிறது. ஆழ்துளை நீரை அப்படியே பயன்படுத்தினாலோ நேர்மாறாக, எல்லாக் காபியும் சப்பென்று ஒரே ருசியில் வரும், கெட்டிலிலும் மெஷினிலும் வெள்ளையாக உப்புப் படியும். காபிக்கான நீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 75 முதல் 250 மில்லிகிராமுக்குள், சுமார் 150 அளவில் இருப்பது நல்லது என்பது காபித் துறையில் ஏற்கப்பட்ட வழிகாட்டுதல். சிறிய டி.டி.எஸ். மீட்டரால் இதை வீட்டிலேயே பார்க்கலாம். ஆர்.ஓ. கருவியில் டி.டி.எஸ். கூட்டும் திருகு இருந்தால் சற்றுக் கூட்டுங்கள். இல்லையென்றால் குடிப்பதற்கு ஏற்றது என்று தெரிந்த தாதுநீரைப் பாதிக்குப் பாதி கலந்து பாருங்கள். காவிரிக் குழாய்நீர் வரும் வீட்டில் உறவினர் யாராவது இருந்தால், வடிகட்டிக் காய்ச்சிய அந்த நீர் ஒரு பாட்டிலோடு ஒரு நாள் காபி போட்டு ஒப்பிட்டுப் பாருங்கள். அரவையும் கொட்டையும் மாறாமல் நீர் மட்டும் மாறும்போது ருசி எவ்வளவு மாறுகிறது என்பது அந்த ஒரு கோப்பையிலேயே தெரிந்துவிடும்.

இன்னொன்று, இந்த ஊருக்கே உரியது. பெங்களூரு கடல்மட்டத்துக்கு மேல் 900 மீட்டருக்கும் அதிக உயரத்தில் இருப்பதால், இங்கே நீர் சுமார் 97 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. கொதித்த நீரைச் சற்று ஆறவிட்டு ஊற்ற வேண்டும் என்ற அறிவுரை கடலோர ஊர்களுக்கும் கருக வறுத்த கொட்டைக்கும் பொருந்தும். உங்கள் கொட்டைக்குக் கெட்டில் கொதித்த கையோடு ஊற்றுங்கள், 15 கிராம் பொடிக்கு 240 மில்லி நீர் என்ற கணக்கில். வி60 கூம்பையும் முன்பே வெந்நீரில் சூடாக்கிவிடுங்கள். பீங்கான் கூம்பு குளிர்ந்திருந்தால் முதல் நீரின் சூட்டை அதுவே வாங்கிக்கொள்ளும். இவ்வளவுக்கும் பிறகு புளித்தால் பதத்தை நைஸாக்குங்கள்.

இந்திராநகரிலிருந்து ஒரு வாசகர்: பால் இல்லாத காபிக்குப் பழகிவருகிறேன். பிரெஞ்ச் பிரெஸ், ஏரோபிரெஸ், வி60 மூன்றில் முதலில் எதை வாங்குவது?

பதில்: ஏரோபிரெஸ். 2005-இல் சந்தைக்கு வந்த, காபியை ஊறவைத்துக் கையால் அழுத்தி வடிக்கும் இந்தக் குழாய், பதம் சற்று முன்பின் ஆனாலும் பொறுத்துக்கொள்ளும். ஊறும் நேரம் உங்கள் கையில் இருக்கும், கீழே விழுந்தாலும் உடையாது. பிரெஞ்ச் பிரெஸ்ஸும் எளிதுதான், ஆனால் அடியில் தங்கும் தூசியைக் குடிக்கப் பலருக்குப் பிடிப்பதில்லை. வி60-இல் நீர் ஊற்றும் கையே ருசியைத் தீர்மானிக்கும் என்பதால் அது இரண்டாவது கருவியாக வரட்டும்.

ஃபிரேசர் டவுனிலிருந்து ஒரு வாசகி: கிரைண்டரைச் சுத்தம் செய்யப் பச்சரிசி போட்டு அரைக்கலாம் என்கிறார்களே? ஃபில்டர் துளைகள் அடைத்துக்கொள்வதற்கும் ஒரு வழி சொல்லுங்கள்.

பதில்: மிக்ஸிக்கு அரிசி சரி. பர் கிரைண்டருக்கு வேண்டாம். வறுத்த காபிக் கொட்டை எளிதில் நொறுங்கும், பச்சரிசி அப்படியல்ல, மோட்டாரும் சக்கரமும் அதற்கென்று செய்யப்பட்டவை அல்ல. வாரம் ஒரு முறை உலர்ந்த பிரஷ்ஷால் சக்கரங்களின் பல்லிடுக்கைத் துடைத்தால் போதும். எஃகுச் சக்கரத்தை நீரில் கழுவினால் துருப்பிடிக்கும். கருக வறுத்து எண்ணெய் மினுங்கும் கொட்டையை அடிக்கடி அரைப்பவர்கள் மாதம் ஒரு முறை சக்கரத்தைக் கழற்றியே துடைக்க வேண்டும். படிந்த எண்ணெய் சிக்குவாடை அடித்து, புதுப் பொடியிலும் அந்த வாடையை ஏற்றிவிடும்.

ஃபில்டரின் மேல் பாத்திரத்தை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். அடைபட்ட துளைகள் கருப்பாகத் தெரியும். காபி முடிந்த உடனே மண்டியைத் தட்டிவிட்டு, அடிப்பக்கத்திலிருந்து குழாய்நீரை வேகமாக விட்டால் பெரும்பாலும் திறந்துகொள்ளும். திறக்காவிட்டால், கைப்பிடியோ ரப்பரோ இல்லாத வெறும் பித்தளை அல்லது எஃகுப் பாத்திரமாக இருந்தால் மட்டும், இடுக்கியால் பிடித்து அடித்தட்டைச் சிறு தீயில் சற்று நேரம் காட்டுங்கள். துளைக்குள் இறுகிய பொடி கருகி உதிர்ந்துவிடும். முழுவதும் ஆறிய பிறகே கழுவ வேண்டும். ஊசியால் குத்தினால் துளை பெரிதாகிப் பொடி கீழே இறங்கும். அதைச் சரிசெய்ய வழியில்லை.